கவரிங் கம்பி

இணையம் மெதுவாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். டாக்டரிடம் போனால் "தண்ணி நிறைய குடிங்க" என்று சொல்வது போலத்தான் இது. தப்பில்லாத அறிவுரை, ஆனால் காலில் முள் தைத்தவனுக்கும் இதையே சொன்னால் எப்படி? பதினோரு மாதம் நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். முள் கம்பியில் இருந்தது.

இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று சிலர் சிரிப்பீர்கள். காரணம் மாடியில் இருக்கிறது. என் தங்கை மகள் நான்கு வயதுப் பையனோடு எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். இரவு வேலை. ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து எண் போடும் வேலை, மெடிக்கல் கோடிங் என்கிறார்கள். சென்ற ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் மூன்று இரவு அவள் இணைப்பு அறுந்தது. நாலாம் நாள் காலை கீழே வந்து சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தாள். "மாமா, இன்னொரு தடவை கட் ஆச்சுன்னா மெட்ராஸ் ஆபீசுக்கு வந்துடச் சொல்லிட்டாங்க" என்றாள். அவள் சென்னைக்குப் போனால் பையன் யாரிடம் இருப்பான்? எங்களிடமா? என் மனைவிக்கு முழங்கால் மடங்காது. அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து நின்றது. வேகம் என்று விளம்பரத்தில் பார்க்கிறோமே, அது சினிமா பார்க்க மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் இணைப்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் போட்டது. தெருக் கம்பத்திலிருந்து கண்ணாடி இழை வந்து கீழ்க் கூடத்தில் ஒரு பெட்டியில் முடிகிறது. அந்தப் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு கம்பி, மாடியில் இன்னொரு ரூட்டர். கம்பியை இழுத்ததும் கம்பெனி அனுப்பிய ஆள்தான். அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார். கம்பெனியின் பெயர் வேண்டாம். பெயரை மாற்றினால் கதை மாறாது என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் 100 எம்பிபிஎஸ் திட்டம். மாடியில் விட்டு விட்டு வருகிறது என்று புகார் கொடுத்தேன். போனில் பேசிய பெண், "உங்க பிளான் சின்னது சார், 200-க்கு மாத்திக்கோங்க" என்றாள். மாற்றினேன். மாடியில் 94 காட்டியது. மறுபடி புகார். "கீழே எவ்வளவு சார் காட்டுது?" என்றார்கள். கீழே நன்றாகத்தான் இருந்தது. "அப்ப உங்க மாடி வைஃபைதான் வீக். பழைய வீடு, சுவர் தடிமன்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆறு கொம்பு வைத்த புது ரூட்டர் வாங்கினேன். 94. "300 போட்டா கண்டிப்பா சரியாயிடும் சார்." அதையும் போட்டேன். என்ன காட்டியது என்று நான் சொல்லவும் வேண்டுமா? 94!

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 100 வாங்கினாலும் 94, 200 வாங்கினாலும் 94, 300 வாங்கினாலும் 94 என்றால், அந்த எண் வாய் திறந்து கத்துகிறது. அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர் காதிலாவது அது விழுந்திருக்க வேண்டாமா?

அது என்ன சொல்கிறது என்பதை நான் பிறகுதான் கற்றுக்கொண்டேன். இந்தக் கம்பிக்குள் மெல்லிய கம்பிகள் எட்டு இருக்கின்றன. இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், ஆரஞ்சும் பச்சையும். 1000-க்குப் போக நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்தால் பல கருவிகள் இணைப்பை முழுக்க விட்டுவிடாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு எரியும், இணையம் வரும், எல்லாம் சரி போலத்தான் இருக்கும். அந்த 100-ல் தகவலைச் சுற்றிக் கட்டும் உறை, முகவரி இவற்றுக்குப் போக நம் கைக்கு வருவது 94, 95. ஆகவே 94-லேயே ஒருவன் மாதக்கணக்கில் நிற்கிறான் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அவன் கம்பியை. பெரிய திட்டம் விற்பது என்பது, குழாய் அடைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரனிடம் பெரிய தண்ணீர்த் தொட்டியை விற்பது போல. விற்கிறவனுக்கு லாபம், வாங்குகிறவனுக்கு அதே சொட்டு.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறிய பிறகும் புதுச்சேரியில் அந்தப் பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டிருந்தன. திக்தே என்று ஒன்று வைப்பார்கள், ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஐந்து பிழை என்றால் சுழி. ஏன், எப்படி, பாவம் என்ற பேச்சே கிடையாது. எங்கள் கணக்கு முசேயும் அப்படித்தான். விடை தப்பாக வந்தால் முழுக் கணக்கையும் அழித்துத் திரும்பப் போட விடமாட்டார். "எந்த வரியில் வழி தவறினாய், அந்த வரியைக் காட்டு" என்பார். தெகார்த் 1637-ல் எழுதியதைத்தான் அவர் பிரம்போடு சொல்லிக்கொடுத்தார் என்று வெகுநாள் கழித்துப் புரிந்தது. சிக்கலை எத்தனை துண்டாகப் பிரிக்க முடியுமோ அத்தனை துண்டாகப் பிரி, ஒவ்வொன்றாகப் பார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது முழுக் கணக்கையும் அழித்துவிட்டுக் கண்ணை மூடித் திரும்பப் போடுவது. விடை சரியாக வந்தாலும் பிழை எங்கே என்று தெரியாது. மழை பெய்தால் மறுபடி வரும்.

அந்த முசேயை நினைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். வீட்டு இணையத்தை நாலு துண்டாகப் பிரித்தேன். தெருவிலிருந்து பெட்டி வரை ஒன்று. பெட்டி இரண்டு. மாடிக்குப் போகும் கம்பி மூன்று. மாடி ரூட்டரும் அதன் வைஃபையும் நாலு.

மருமகளின் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, நல்ல குட்டைக் கம்பியால் நேராகப் பெட்டியில் சொருகினோம். 291. ஆகத் தெருவும் பெட்டியும் நிரபராதிகள். லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோய், ரூட்டரைக் கழற்றிவிட்டு, கீழிருந்து வரும் கம்பியையே நேராகச் சொருகினோம். 94. வைஃபை அங்கே இல்லவே இல்லை, ஆனாலும் 94. ஆறு கொம்பு ரூட்டருக்குச் செய்த செலவு அந்த நிமிஷத்தில் கண் முன்னால் வந்து நின்றது. பிறகு முப்பது மீட்டர் புதுக் கம்பி வாங்கி மாடிப்படி வழியாகத் தரையிலேயே போட்டுப் பார்த்தோம். 290. பையன் அதைத் தாண்டித் தாண்டிக் குதித்து விளையாடினான்.

மொத்தம் ஒன்றரை மணி நேரம், அதில் பாதி நான் படி ஏறி இறங்கிய நேரம். எழுபதைத் தாண்டிய ஒரு கிளார்க் ஒன்றரை மணியில் கண்டுபிடித்ததை, ஏழு புகாரில், மூன்று முறை ஆள் வந்தும், ஒரு கம்பெனி கண்டுபிடிக்கவில்லை. வந்தவர்கள் மூவரும் கீழே கூடத்தில் நின்று செல்போனில் வேகம் பார்த்து, "நல்லாத்தானே வருது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூடப் படி ஏறவில்லை.

பழைய கம்பியைக் கழற்றி ஆராய்ந்ததுதான் இதில் சுவையான பகுதி. எட்டு விளக்கு வைத்த கம்பி டெஸ்டர் ஒன்று எலக்ட்ரிக்கல் கடையில் 300 ரூபாய்க்குள் கிடைத்தது. ஒரு முனையில் சொருகினால் மறு முனையில் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக விளக்கு எரிய வேண்டும். ஆறு வரை எரிந்தது. ஏழும் எட்டும் இருட்டு. பழுப்பு ஜோடி செத்துப்போயிருந்தது. முனையில் இருந்த பிளாஸ்டிக் கனெக்டரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பித்தளைக் குத்துவிளக்கில் ஏறுமே அதே பச்சைக் களிம்பு. கடற்கரை ஊரில் இது அதிசயமில்லை. இங்கே கதவுக் கீலே மூன்று வருஷம் தாங்குவதில்லை.

சன்ஷேடுக்கு அடியில் இன்னொரு வைபவம். கம்பி எட்டாமல் போயிருக்கிறது. இரண்டு துண்டை எடுத்து, எட்டுக் கம்பியையும் கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். ஜோடியாக முறுக்கி வைத்திருப்பதே ஒரு கம்பியின் சத்தம் இன்னொன்றில் ஏறாமல் இருக்கத்தான். அதைப் பிரித்துக் கண்டபடி முடிந்தால் பிறகு எதற்கு முறுக்கு? டேப் வெயிலில் இளகி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. ஐப்பசியில் அறுந்ததன் ரகசியம் அதுதான். மழை இரவில் கீழ்ப் பெட்டிக்கு நூறு பிங் அனுப்பிப் பார்த்தபோது இருபதுக்கு மேல் திரும்பி வரவில்லை என்று மருமகள் எழுதி வைத்திருந்தாள். வெளியுலகத்துக்கு அல்ல, நம் வீட்டுக் கூடத்துக்கே போய்ச் சேரவில்லை! அதையும் போனில் சொன்னோம். "எங்க சர்வர்ல எந்தப் பிரச்சினையும் இல்ல சார்" என்று பதில் வந்தது.

கடைசியாக, கம்பியின் ஒரு துண்டைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. நம் பெண்கள் கவரிங் என்பார்கள். இரண்டு தரம் வளைத்தால் பட்டென்று ஒடிகிறது. செம்பை விட மின்தடை அதிகம், களிம்பு பிடித்தால் மீட்சி இல்லை. கேட்-5இ, கேட்-6 என்று அச்சடிக்க வேண்டுமானால் உள்ளே இருப்பது செம்பாக இருக்க வேண்டும் என்பது தர விதி. என் கம்பியின் மேல் கேட்-6 என்று கொட்டை எழுத்தில் அடித்திருக்கிறது. கவரிங் வளையலைக் கவரிங் என்று சொல்லி விற்கிறவர் நேர்மையான வியாபாரி. அதையே தங்கம் என்று விற்றால் போலீஸ் வரும். கம்பிக்கு யார் வருவார்?

கடைக்காரரைக் கேட்டேன். "சார், 9 ரூபா மீட்டரும் இருக்கு, 22 ரூபா மீட்டரும் இருக்கு. எல்லாரும் 9 ரூபாதான் கேக்கறாங்க" என்றார். இதில் நம் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தைந்தாயிரத்துக்குப் போன் வாங்குவோம், அதற்கு உயிர் கொடுக்கும் கம்பிக்கு மீட்டருக்கு மூன்று ரூபாய் பேரம் பேசுவோம். முப்பது மீட்டருக்கு வித்தியாசம் 390 ரூபாய். திட்டத்தை உயர்த்தியதில் நான் விட்டது அதைப்போலப் பல மடங்கு.

கம்பி இழுக்கும் பிள்ளைகளைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். எட்டாவது தடவையாக வந்த தம்பியிடம் பேசினேன். ஒரு இணைப்புக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கம்பி, கிளிப், டேப் எல்லாம் அதிலேயே. டெஸ்டர் கம்பெனி கொடுப்பதில்லை. பெட்ரோல் அவர் கைக்காசு. அப்படி இருந்தால் யார் 22 ரூபாய்க் கம்பி போடுவார், யார் படி ஏறுவார்? அந்தக் காலத்தில் போன் கேட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 198-க்குப் புகார் சொன்னால் ஒரு லைன்மேன் சைக்கிளில் வருவார். கம்பத்தில் ஏறி, இடுப்பில் தொங்கும் போனைக் கம்பியில் மாட்டிக் காதில் வைத்துக் கேட்டு, "ஈரம் புகுந்திருக்கு, அந்த முக்குப் பெட்டியில்" என்பார். பாதி நேரம் சரியாகவே இருக்கும். இன்று எந்திரம் எல்லாவற்றையும் கேட்கிறது, மனிதன் யாரும் கேட்பதில்லை.

புகாரை முடித்து வைக்கும் வித்தைதான் எனக்கு மிகவும் பழக்கமானது. ஆள் வருவதற்கு முன்பே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும். நீங்கள் மறுத்தால் அது புதுப் புகார், புது எண். பழையது தீர்ந்த கணக்கில் ஏறிவிடும். முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலைக் குறைக்க, "உரிய ஆவணங்களுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்" என்று ஒரு வரி அடித்துக் கோப்புகளை மூடியிருக்கிறேன். வரிசையாக இருபது, முப்பது. அந்த வரியைப் பெற்றவர்கள் திரும்ப எவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தார்கள் என்று அப்போது யோசித்ததில்லை. இப்போது என் எண்ணுக்கே அந்தச் செய்தி வந்தபோது அந்த மேஜையும் அந்த முத்திரையும் ஞாபகம் வந்தன. ஆகவே இதை வெளியில் நின்று கல்லெறிபவனாக எழுதவில்லை. செய்தவன் என்பதால்தான் அது என்னவென்று தெரிகிறது.

"வைஃபையும் காரணம்தானே?" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். ஆமாம், எங்கள் ஊர்ச் சுண்ணாம்புச் சுவர் வைஃபையை விழுங்கும். மாலை ஏழிலிருந்து பத்து வரை மட்டும் மெதுவானால் அது தெருவே ஒரு வாய்க்காலில் தண்ணீர் இறைப்பதால் இருக்கலாம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சமே வந்து சேரவில்லை, கண்ணாடி இழை எங்கோ மடங்கியோ ஒடிந்தோ கிடக்கிறது. இதெல்லாம் உண்டு. நான் கேட்பது ஒன்றே: எது என்று பார்த்துவிட்டுச் சொல். எந்நேரமும் ஒரே எண்ணில் நிற்கிறதா, மாலையில் மட்டும் குறைகிறதா, மழையில் அறுகிறதா? இந்த மூன்று கேள்வி அந்தப் பெண்ணின் திரையில் இருந்தால் போதும், பாதிப் பழி வைஃபை மேல் விழாது. அவள் திரையில் இருப்பதோ "பெரிய திட்டம் பரிந்துரை".

சட்டத்திடம் போகலாம் என்றால் அது இன்னும் வேடிக்கை. 2013-ல் 512 கேபிபிஎஸ் இருந்தாலே அகண்ட அலைவரிசை என்றார்கள். 2023 ஜனவரியில் அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் 94 வாங்கும் நான் குபேரன். 300-க்குக் காசு கொடுத்தேன் என்பது வேறு விஷயம். ஆனால் 2012-லிருந்து ஒரு விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கம்பெனியின் புகார் மையத்தில் சரியாகவில்லை என்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு எழுதலாம். புகார் எண் கட்டாயம் வேண்டும். ஆகவே "தீர்க்கப்பட்டது" என்று வரும் செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி.

நான் எழுதினேன். பழைய பழக்கம், பொருள், பார்வை எல்லாம் போட்டு இரண்டு பக்கம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இணைப்புக் கொடுக்கும் அன்றே, கம்பியின் இரு முனையிலும் எட்டு விளக்கும் எரிகிறதா, லேப்டாப்பில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா, பெட்டிக்கு வரும் வெளிச்சத்தின் அளவு என்ன என்று மூன்று எண்ணை ஒரு சீட்டில் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள் என்றேன். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரே கசிவு பார்த்துவிட்டுத்தானே போக வேண்டும்? திட்டத்தை உயர்த்தச் சொல்வதற்கு முன், இப்போதைய திட்டம் கம்பி முனைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். இரண்டு முறை உயர்த்திய பணத்தைத் திருப்பிக் கேட்டேன்.

பதில் ஒன்பதாம் நாள் வந்தது. பெட்டிக்கு அப்பால் உள்ள கம்பி வாடிக்கையாளரின் பொறுப்பு என்று. அதை இழுத்தது உங்கள் ஆள், பணம் வாங்கியதும் உங்கள் ஆள் என்று ரசீதோடு மறுபடி எழுதியிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. காத்திருப்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

இதற்கிடையே அந்த எட்டாவது தம்பியையே தனியாகக் கூப்பிட்டு, நல்ல செம்புக் கம்பி, வெளிப்புறத்துக்கான தடித்த உறை போட்டது, நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக, பிவிசி குழாய்க்குள் இழுக்கச் சொன்னேன். என் டெஸ்டரைக் கொடுத்து எட்டு விளக்கையும் அவரையே பார்க்கச் சொன்னேன். கடைசி விளக்கு எரிந்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். "இத நான் வாங்கிக்கலாமா சார்?" என்றார். கொடுத்துவிட்டேன்.

நேற்று இரவு நல்ல மழை. பதினோரு மணிக்குத் தூக்கம் வராமல் மாடிப்படியில் நின்று பார்த்தேன். பையன் கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்குகிறான். அவள் காதில் ஹெட்போனோடு தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேசாமல் திரையைத் திருப்பிக் காட்டினாள். 288.